பத்தடியில் நல்ல தண்ணி

என்ன, மறுபடியும் நிறுத்திட்டானா? ஏம்மா, உன் பக்கத்து ஜன்னல்ல ஏதாச்சும் தெரியுதா? எனக்கு ஒரு எழவும் தெரியல, கண்ணாடி பூரா தண்ணி வழிஞ்சுக்கிட்டுக் கெடக்கு. செங்கல்பட்டு தாண்டி எவ்வளவு நேரமாவுது! நடந்து போறவன்கூட இந்நேரம் தாம்பரம் போய்ச் சேந்திருப்பான். யப்பா கண்டக்டரு தம்பி, ஏன் நின்னுருச்சு? பாரு, காதுலயே வாங்கல. டிக்கெட் கேக்குறப்ப மட்டும் அந்தக் கத்து கத்துனான்.

உன் போன இன்னொரு தடவ குடு பாப்பா, கோவிச்சுக்காத. என் போனு இப்பவோ அப்பவோன்னு இருக்கு. அவ கூப்பிட்டா எடுக்கணுமேன்னு மடியிலயே வச்சிருக்கேன், நானா கூப்பிட்டு அதச் சாவடிக்க மனசு வரல. அதே நம்பர்தான், போடு. என்ன சொல்லுது? தொடர்பு கொள்ள முடியலையா? அந்தப் பொம்பளைக்கு வேற பேச்சே கெடையாது. நேத்து மத்தியானத்துலேர்ந்து இதையேதான் சொல்லிக்கிட்டிருக்கா.

என் மவ, தாரணி. போன வியாழக்கிழமதான் கல்யாணம் ஆச்சு. தாலிக் கயித்துல மஞ்ச இன்னும் வெளுக்கல. அதுக்குள்ள வீட்டச் சுத்தித் தண்ணியாம். கடைசியா பேசுனப்ப, கட்டில்மேல உக்காந்திருக்கோம்மா, சாமானையெல்லாம் பரண்ல ஏத்திட்டோம்மான்னா. மாப்பிள்ளைகிட்ட குடுடின்னேன். குடுக்கறதுக்குள்ள கட்டாயிடுச்சு. அதுக்கப்புறம் பேச்சு மூச்சு இல்ல. சீ, என்ன வார்த்த பேசுறேன். போனுல சார்ஜ் இருக்காது. கரண்டு இல்லல்ல? அதான். நீயும் அதானே சொல்லுற?

எந்த ஊரா? நாகப்பட்டினத்துக்குத் தெக்க, கடக்கரை ஓரம். புன்னைத்துறைன்னா உனக்கு எங்க தெரியப் போவுது. ஆமா, டிவியில காட்டுனது எங்க பக்கத்தத்தான். கரையைக் கடக்கும், கரையைக் கடக்கும்னு எங்க பேரச் சொல்லியே கத்துனானுவ. கடைசியில பாத்தா எங்க ஊருல ஒரு முருங்கக் கெளை முறியல. கொல்லையில போட்ட துணி கொடியிலயே கெடக்கு. அம்புட்டும் இங்க வந்து கொட்டுது. இது நியாயமா, நீயே சொல்லு.

புயலுக்குப் பயப்படுறவ இல்ல நான். எங்க ஊருல புயல வச்சுத்தான் வயசே சொல்லுவோம். இவன் சுனாமிக்கு முந்திப் பொறந்தவன், இவ கஜாவுக்குச் சமைஞ்சவ, அந்தக் கெழவருக்கு ரெண்டு புயல் மூத்தவரு இந்தக் கெழவருன்னு. சர்ட்டிபிகேட்டுல தப்பு இருக்கும், இதுல இருக்காது. என் தாரணி ஒரு புயலப்ப வயித்துல இருந்தா. அந்தப் புயலுக்குப் பேரு கெடையாது. அப்பல்லாம் புயலுக்குப் பேரு வைக்கிற வழக்கமில்ல. அதுலதான் அவரு போனாரு, என் வீட்டுக்காரரு. விடியக்காலம் தொழிலுக்குப் போனவரு. கட்டுமரமும் வரல, அவரும் வரல. பேரு வச்ச புயலா இருந்தா பேரச் சொல்லியாவது திட்டலாம். எனக்கு அது இல்ல, அதனால வர்ற புயல எல்லாத்தையும் திட்டிடுவேன்.

அப்புறம் சுனாமி. அன்னிக்கு நான் கருவாட்டுக் கூடையத் தூக்கிக்கிட்டு உள்நாட்டுப் பக்கம் சந்தைக்குப் போயிட்டேன். புள்ளைய என் நாத்தனாகிட்ட விட்டுட்டுப் போயிருந்தேன். பவுனம்மான்னு பேரு. அவருக்குக் கூடப் பொறந்த அக்கா. தண்ணி வரவும் அவதான் தாரணியத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு ஓடி, மாதா கோயில் மாடியில ஏறுனா. அவ பெத்த புள்ளைங்க ரெண்டும் பின்னாலயே ஓடி வந்து தப்பிச்சுதுங்க. இவ தூக்குனது என் புள்ளைய. தூக்குனா, நான் இல்லைங்கல. யாரா இருந்தாலும் தூக்கத்தான் செய்வாங்க. ஊரு இன்னிக்கு வரைக்கும் அதப் பேசுது. அவ மட்டும் பேச மாட்டா. அதுதான் அவகிட்ட எனக்குப் புடிக்காதது. ஒரு தடவ வாயத் தொறந்து சொல்லிக் காட்டுனான்னா, நானும் பதிலுக்கு நாலு வார்த்த கேட்டு அன்னியோட தீத்துருவேன். சொல்ல மாட்டா. பாத்துக்கிட்டே நிப்பா.

கஜாவ விடு. அதுல தென்னந்தோப்புக்காரங்கதான் அழுதாங்க. எனக்குக் கூரைதான் போச்சு, கூரை போறதெல்லாம் ஒரு நட்டமா.

அந்தா யாரோ எறங்கிப் போறாங்க பாரு. தண்ணி முழங்காலுக்கு நிக்குதோ? இல்ல, பள்ளத்துல காலு விட்டுட்டான். சரி, வந்துட்டான்.

எதுக்குச் சொல்ல வந்தேன்னா, நான் ஒரு முடிவு பண்ணியிருந்தேன் பாப்பா. என் பொண்ணு கடல் வாடையே படாத எடத்துல வாழணும். சின்னதுலேர்ந்தே அவள ஆஸ்டல்ல போட்டுப் படிக்க வச்சேன். லீவுக்கு வந்தாலும் கரைப் பக்கம் விட மாட்டேன். மத்த புள்ளைங்க வலை இழுக்கறத வேடிக்க பாக்கப் போவும், இவ வாசக்கதவப் புடிச்சுக்கிட்டு நிப்பா. பாவமாத்தான் இருக்கும். பாவம் பாத்தா முடியுமா?

ரெண்டு வருசத்துக்கு முந்தி பவுனம்மா தட்டு எடுத்துக்கிட்டு வந்தா. பூவு, பழம், வெத்தல எல்லாம் வச்சு. அவ மவன் தேசிங்குக்கு என் பொண்ண கேட்டு. அத்த மவன்தானே, உரிமப்பட்டவன்தான். நல்ல பையன்தான். குடி கெடையாது. ஆனா சொந்தமா மீன்புடி போட்டு வச்சிருக்கான், கடலுக்குத் தொழிலுக்குப் போறான். தட்டையும் பாத்தேன், அவளையும் பாத்தேன். எனக்கு எங்கேர்ந்து வந்துச்சோ தெரியல. ‘உன் தம்பிய கடலு கொண்டு போயிருச்சு, உன் மவன என்னிக்குக் கொண்டு போவப் போவுதோ, அதுக்கு என் பொண்ணு தாலியோட காத்துக் கெடக்கணுமா’ன்னு கேட்டேன். வாசல்ல நாலு பேரு நின்னுக்கிட்டிருந்தாங்க. அவ தட்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அன்னியோட பேச்சு வார்த்த இல்ல. நான் என்ன பொய்யா சொல்லிட்டேன்? உள்ளதத்தான சொன்னேன்? உள்ளதச் சொன்னா ஊருல யாருக்கும் ஆவாது.

தாரணியா? அவ ஒன்னும் சொல்லல. சொல்லுற மாதிரி நான் வளக்கல.

அப்புறந்தான் இந்த எடம் வந்துச்சு. மாப்பிள்ள பேரு யுவராஜு, கம்பெனியில சூப்பர்வைசரு. அவங்களும் நம்ம ஆளுங்கதான், ஆனா அப்பா காலத்துலயே கடல விட்டு வந்துட்டாங்க. சென்னைன்னதும் எனக்குத் திக்குன்னுச்சு, அங்கயும் கடலு இருக்கேன்னு. அதெல்லாம் ரொம்ப தூரம், நாங்க ஊரு ஓரத்துல புது நகர்ல வீடு கட்டியிருக்கோம்னாங்க. வாய்ப்பேச்ச நம்புவேனா? நானே நேர்ல போயிப் பாத்தேன்.

எப்படிப் பாத்தேங்குற! மொட்ட மாடியில ஏறி நின்னு நாலாப் பக்கமும் பாத்தேன், கடலு தெரியல. மூக்க உறிஞ்சிப் பாத்தேன், உப்பு வாடையில்ல. செவுத்துல கைய வச்சுத் தேச்சேன். எங்க ஊருச் செவுரு மாதிரி பொரிஞ்சு உதிரல. ஜன்னல் கம்பியில துரு இல்ல. கொழாயத் தொறந்து ஒரு கை புடிச்சுக் குடிச்சேன். எளநி பாப்பா, எளநி! எவ்வளவு ஆழத்துல போரு போட்டீங்கன்னேன். சம்பந்தியம்மா சிரிச்சுக்கிட்டே, ‘போரே வேணாங்க, பத்தடி தோண்டுனா தண்ணி பொங்கிட்டு வரும்’னாங்க. எனக்குச் சாமியே நேர்ல வந்து சொன்னாப்ல இருந்துச்சு. எங்க ஊருல எங்க தோண்டுனாலும் வாயில வைக்க முடியாது. நல்ல தண்ணிக்குக் கொடத்தோட பொம்பளைங்க நாயா அலையறோம். வீட்டுக்குப் பின்னால கோரப்புல்லு ஆளு ஒசரத்துக்கு நிக்குது, கொக்கு மேயுது. என் பொண்ணு பசுமையா இருப்பான்னு அங்கயே சரின்னுட்டேன்.

ஊருக்கு வந்து வாய் ஓயாம சொன்னேன். கொழாயடியில பவுனம்மா நின்னா. அவகிட்ட சொல்லல, அவ காதுல விழுற மாதிரி சொன்னேன். அவ கொடத்தத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, பக்கத்துல நின்னவகிட்ட சொல்லுற மாதிரி, ‘பத்தடியில தண்ணின்னா அது தண்ணி கெடந்த எடமா இருக்கும், வெசாரிக்கச் சொல்லுங்க’ன்னுட்டுப் போயிட்டா. பொறாம. வேற என்ன இருக்கும்? தன் மவனுக்குக் கெடைக்கலைங்கிற வயித்தெரிச்சல்.

ஆமா, அந்த எடம் ஏரியாத்தான் இருந்துச்சாம். நேத்து டிவியில ஒருத்தன் கையில படத்த வச்சுக்கிட்டு வெளக்குறான், இது ஏரி, இது வாய்க்காலு, இப்ப வீடுன்னு. அப்பவே வந்து படத்தக் காட்டியிருக்கலாம்ல அவன்? நான் கடல் எங்க இருக்குன்னுதான கேட்டேன். ஏரிக்குப் பயப்படணும்னு எனக்கு யாரு சொன்னா? நாங்க பொறந்ததுலேர்ந்து பயந்ததெல்லாம் அந்த ஒன்னுக்குத்தான்.

வண்டி நகருது! அப்பாடா. போ ராசா, போ. அட, ஒதுக்குறதுக்குத்தான் நகத்துனியா. நல்லா இருப்ப.

கல்யாணத்தச் சொல்லுறேன் கேளு, அந்தக் கூத்தக் கேட்டா நீ சிரிப்ப. எங்க ஊருல கஜாவுக்கு அப்புறம் ஒரு பெரிய கட்டடம் கட்டிக் குடுத்தாங்க. தூணுமேல ஒசரமா நிக்கும். புயல் பாதுகாப்பு மையம்னு எழுதியிருக்கும். எழுத்துதான் அப்படி. உள்ள நடக்குறதெல்லாம் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு. ஊருல வேற மண்டபம் கெடையாது. நானும் பஞ்சாயத்துல சொல்லி வச்சு, வாழமரம் கட்டி, சீரியல் லைட்டு போட்டு வச்சிருந்தேன். பொண்ணழைப்பு அன்னிக்குச் சாயங்காலம் பாத்து துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டானுவ. வி.ஏ.ஓ. ஜீப்புல வந்து எறங்குறாரு. ‘யம்மா, கரையோரத் தெரு பூரா இங்கதான் வரணும், ஹாலக் காலி பண்ணுங்க’ங்குறாரு. நான் தாம்பாளமும் கையுமா நிக்கிறேன். ‘சார், இது கல்யாண மண்டபம்’னேன். ‘இது புயல் மையம்மா’ன்னாரு. ‘சார், கட்டுன நாளா இங்க ஒரு புயலும் வந்து தங்குனதில்ல, கல்யாணந்தான் நடந்திருக்கு’ன்னேன். மனுசன் தலையில அடிச்சுக்கிட்டாரு.

கடைசியில ஒரு சமாதானம். மேடையும் முன்பக்கமும் எனக்கு, பின்பக்கமும் மாடியும் ஊருக்கு. ஒரு கயிறு கட்டுனாங்க நடுவுல. கயிறு என்னத்துக்கு ஆவும்? ஆட்டுக்குட்டி, கோழி, ஸ்டவ்வு, மூட்ட, தொட்டிலுன்னு ஊரே வந்து எறங்குது. அதுல ஒரு மூட்டையத் தூக்கிக்கிட்டு யாரு வர்றா? பவுனம்மா! பத்திரிக வைக்கல அவளுக்கு. ஊருக்கெல்லாம் வச்சேன், அவ வீட்டத் தாண்டிப் போயி அடுத்த வீட்டுக்கு வச்சேன். இப்ப அரசாங்கமே அவளக் கூட்டிக்கிட்டு வந்து என் கல்யாணத்துல உக்கார வைக்குது. வெளிய போன்னு சொல்ல முடியுமா? காத்து அடிக்குது. சொன்னா ஊரு என்னைத்தான் கடல்ல தூக்கிப் போடும்.

அவளுக்கும் திமிரு குறைச்சல் இல்ல. நான் பந்தி போட்டேன், புயலுக்கு வந்ததுங்க எல்லாம் உக்காந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டுச்சு. அவ வரல. சர்க்கார்ல குடுத்த லெமன் சாதப் பொட்டலத்தப் பிரிச்சு, செவுத்தப் பாத்துக்கிட்டுத் தின்னா. பட்டுப் பொடவ கட்டுன கல்யாணப் பொண்ணு, என் மவ, கயித்தத் தாண்டிப் போயி அவ முன்னால எலயப் போட்டு, லட்டு, வடையெல்லாம் வச்சுட்டு வர்றா. அவ தின்னல. எலய மடிக்கவும் இல்ல. அதுக்கு எதுக்க உக்காந்து அழுதுக்கிட்டிருந்தா. கல்யாண வீட்டுல அழுகலாமா? எனக்குக் கோவமான கோவம்.

மறுநாக் காலையில முகூர்த்தம். மாப்பிள்ளையோட தங்கச்சி பெங்களூருல, ரயிலு ரத்தாயி அவளால வர முடியல. மூணாவது முடிச்சுப் போட நாத்தனா வேணும். யாரு இருக்கா, யாரு இருக்கான்னு பாக்குறாங்க. பெரியவரு ஒருத்தரு சொல்லுறாரு, ‘பொண்ணுக்கு அத்த மவ இருக்காளே, அவ நாத்தனா மொறதானே, கூப்பிடுங்க’ங்குறாரு. அத்த மவன்னா யாரு? பவுனம்மா மவ, செவ்வந்தி! நான் வேணாம்னேன். சம்பந்தியம்மாவே போடட்டும்னேன். குனிஞ்ச தல நிமிராம உக்காந்திருந்த தாரணி நிமுந்து பாத்தா. ‘செவ்வந்தியே போடட்டும்’னா. பொறந்ததுலேர்ந்து அன்னிக்குத்தான் என் பேச்சத் தாண்டி ஒரு வார்த்த பேசுனா. கெட்டிமேளம் அடிக்க ஆரம்பிச்சுட்டான், நேரம் போவுது, நான் என்ன பண்ணுவேன்? நேரம் போவுதேன்னுதான் விட்டேன். செவ்வந்தி போட்டிருந்த நைட்டிமேல யாரு பொடவையையோ சுத்திக்கிட்டு ஓடி வந்து முடிச்சுப் போட்டா. அவளுக்கும் கண்ணுல தண்ணி. என்ன குடும்பமோ.

சாப்பாடு முடிஞ்ச கையோட நான் பொண்ணு மாப்பிள்ளையக் கார்ல ஏத்திட்டேன். காத்து ஊளையிடுது, கடலு கறுத்துக் கெடக்கு. எல்லாரும் இன்னிக்கு இங்கயே இருக்கட்டும், நல்ல கட்டடம், புயலு போனதும் போவட்டும்னாங்க. எனக்கு ஒரே நெனப்பு. இந்தக் கடலு என் பொண்ண பாக்கறதுக்குள்ள அவள அனுப்பிடணும். ‘மறுவீடெல்லாம் பொறவு பாத்துக்கலாம், கெளம்புங்க’ன்னு பொட்டியத் தூக்கிப் போட்டேன். அப்பத்தான் பவுனம்மா கயித்தத் தாண்டி வந்தா. ரெண்டு வருசத்துக்கப்புறம் மூஞ்சியப் பாத்துப் பேசுறா. ‘காசி, வேணாம்டி. புயலு எங்க போவும்னு அதுக்கே தெரியாது. புள்ளைய இங்க வையி. ஒசரமா இருக்குற எடம் இதுதான்’னா. காசியம்மாங்குற என்ன காசின்னு அவதான் கூப்பிடுவா, அவரு கூப்பிடுற மாதிரி.

நான் என்ன சொன்னேனா? ‘உன் வீட்டுக்கு வந்துருக்க வேண்டியவ போறாளேன்னு வயிறு எரியுதா’ன்னேன். கதவச் சாத்துனேன். கார எடுக்கச் சொன்னேன்.

எதுக்கு அப்படிப் பாக்குற? நீயும் அவள மாதிரியே பாக்குறியே. தாயி பாப்பா நான். பத்திரமான எடத்துக்குன்னுதான் அனுப்புனேன். புயலு வடக்க திரும்பும்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? அது கடல்லயே நின்னு நின்னு யோசிச்சு, எங்கள ஏமாத்திட்டு, என் பொண்ணு போன வழியிலயே அவ பின்னால போயிருக்கு. அத நெனச்சாத்தான்... ஒன்னுமில்ல. தண்ணி வச்சிருக்கியா? ஒரு மொடக்கு குடு.

தேசிங்கு இருக்கான்ல, அவன் போட்டத்தான் இப்ப லாரியில ஏத்திக்கிட்டு வர்றானுவ. கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து கேட்டாங்களாம், தண்ணியில மாட்டுனவங்கள எடுக்க ஆளு வேணும், போட்டு வேணும்னு. ஊருக்குள்ள இவன்தான் மொதல்ல கையத் தூக்குனான்னு சொல்லிக்கிட்டாங்க. தாரணி இருக்குற நகருக்கே போறோம்னு இவனே கேட்டு வாங்கியிருக்கான். யாரு கேட்டா இவன? நாளைக்கு ஊரு என்ன பேசும்? கட்டிக் குடுக்க மாட்டேன்னவ வீட்டுப் பொண்ண இவன் போயித் தூக்கிட்டு வந்தான்னு பேசாதா? மாப்பிள்ள மனசு என்னாவும்? எனக்கு அந்தக் கவலை வேற.

இன்னிக்கு விடியக்காலம் பவுனம்மா என் வாசல்ல வந்து நின்னா. தலையில துண்டு, கையில ஒரு தூக்குவாளி. ‘லாரியில நானும் போறேன், ஏறு காசி’ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அப்பவாச்சும், பாத்தியா நான் சொன்னேனேன்னு கேட்டாளா? கேக்கல. அதுக்கே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ‘என் பொண்ண பாக்க எனக்குப் பஸ்ஸு இருக்கு’ன்னு சொல்லிட்டு, பையத் தூக்கிக்கிட்டு அவளத் தாண்டி நடந்தேன். அவங்க போட்டு ஏத்திக் கட்டி, டீசலப் புடிச்சு வர்றதுக்குள்ள நான் போயிச் சேந்துருவேன்னு நெனச்சேன். என் பொண்ணுகிட்ட மொதல்ல நான்தான் போய் நிக்கணும். அவ கண்ணத் தொறந்து மொதல்ல பாக்குறது என்னையா இருக்கணும், அவங்கள இல்ல. அது தப்பா?

என்ன சத்தம் முன்னால? எல்லாரும் எந்திரிக்கிறாங்களே. என்னவாம்? ‘இதுக்கு மேல பஸ்ஸு போவாது’ன்னா என்ன அர்த்தம்? தம்பி, ஏ தம்பி! ரோட்டுல தண்ணி ஓடுனா என்ன, ஓரமா ஓட்டிக்கிட்டுப் போ. எஞ்சினுக்குள்ள ஏறிடுமா? அப்ப நான் எப்படிப் போறது? திரும்பச் செங்கல்பட்டுக்கா? நான் அங்க எதுக்கு வரணும்? என் பொண்ணு அந்தப் பக்கம் இருக்குறா தம்பி. எவ்வளவு தூரம் இன்னும்? நான் நடந்து போறேன், கதவத் தொற.

விடு பாப்பா, கையப் புடிக்காத. எறங்கித்தான் பாக்குறேனே. கொட வேணாம், நனைஞ்சா கரைஞ்சிடுவேனா. அடியாத்தி, என்னா வேகமா இழுக்குது. ரோடுதானே இது? ரோடு எங்க, வயலு எங்கன்னே தெரியலையே. இதுக்கு அலையும் இல்ல, சத்தமும் இல்ல. கடலு வந்தா ஊளையிட்டுக்கிட்டு வரும், ஓடலாம். இது இப்படித் திருட்டுத்தனமா வந்து நிக்குதே. படிக்கட்டுல ஏறி, கட்டில்ல ஏறி... அவங்க மாடிக்குப் போயிருப்பாங்கல்ல? மாடி இருக்கு, நான்தான் ஏறிப் பாத்தேனே. கைப்புடிச் செவுரு இன்னும் கட்டலன்னாங்க. மாப்பிள்ள புடிச்சுப்பாரு. புடிச்சுப்பாருல்ல?

போலீஸ்காரரே, ஐயா, நான் மட்டும் போறேன் ஐயா. எதுல போறதுன்னா? லாரி மட்டும் விடுறீங்களா? சரி, எந்த லாரியிலயாச்சும் ஏத்தி விடுங்க. ஆளு ஏத்தக் கூடாதா? அது என்ன சட்டம்?

பாப்பா, அங்க பாரு. அந்தா வருது பாரு, வெளக்கப் போட்டுக்கிட்டு. மேல போட்டுத் தெரியுதா? நீலமா? நீலம்னா எங்க ஊருதுதான். ரெண்டு வண்டி வருது. முன்னால வர்ற வண்டியில டிரைவருக்குப் பக்கத்துல யாரு உக்காந்திருக்கா? பொம்பளையா? தலையில துண்டு கட்டியிருக்காளா? எனக்குக் கண்ணு மறைக்குது, நீ பாத்துச் சொல்லு.

அவதான்.

நீ கூப்பிடு பாப்பா. பவுனம்மான்னு கூப்பிடு. நான் கூப்பிட மாட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடுறது? நீ கைய ஆட்டு, நீ படிச்ச புள்ள, உனக்கு நிப்பாட்டுவானுவ. நல்லாச் சத்தமா. இன்னும் சத்தமா! இந்த மழையில உன் குரலு யாருக்குக் கேக்கும்? போலீஸ்காரரு போ போன்னு கையக் காட்டுறாரே. ஐயா, நிறுத்துங்க ஐயா! தாண்டிப் போறானே, தாண்டிப் போறானே!

அண்ணி! அண்ணீ! நான் காசி! நிப்பாட்டச் சொல்லுங்க அண்ணி! என்ன ஏத்திக்கலைன்னாலும் பரவால்ல, நீங்க போங்க, சீக்கிரமாப் போங்க! நம்ம புள்ளைக்கு நீச்சல் தெரியாது அண்ணி!